ஒரே அறைக்கு இரண்டு கதவு

காலை எட்டேகால். தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், பெரியவள் மூன்றாவது தடவையாகக் கம்ப்யூட்டரில் அந்த டைரக்டரியைத் திறந்து பார்த்தாள்.

இல்லை.

உள்ளே ஒன்றும் இல்லை என்றால்கூட ஏதோ கோளாறு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே ‘அப்பா’ என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டரே இல்லை. முந்தாநாள் மத்தியானம்வரை இருந்தது. ஆறு வாரமாக அப்பா ஸ்டூடியோவுக்கு வந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, தாளைப் பார்த்து வாசித்த ஆயிரத்து நானூறு வாக்கியம் அதில் இருந்தது.



இன்றைக்கு மாலை நாலு மணிக்கு அப்பாவின் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். ‘இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது’ என்று டாக்டரம்மா சொன்னதும், அப்பா சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையே எடுத்துக் கையெழுத்துப் போட்டதும் போன வாரம் நடந்தது. அறுத்தபிறகு அப்பா வாயசைப்பார், சத்தம் வராது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பதிவு செய்த வாக்கியங்களை வைத்து அவர் குரலையே செய்து தருகிற ஒரு பெண்மணி இருந்தாள். பிற்பாடு அப்பா கைக்கருவியில் தட்டினால், அவர் குரலிலேயே அது பேசும்.

இன்று காலை எல்லாவற்றையும் மொத்தமாக அவளுக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதுதான் திட்டம்.

“அண்ணி! எப்ப வந்தீங்க?” என்று கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார் மாப்பிள்ளை. தங்கையின் புருஷன். இந்த டப்பிங் ஸ்டூடியோவுக்குச் சொந்தக்காரர். தங்கை புருஷனிடமே வேலை பார்ப்பது கத்தி மேல் நடக்கிற மாதிரிதான். ஆனாலும் நாலு வருஷமாக இரண்டு பேரும் மரியாதை குறையாமல் நடந்து வந்திருந்தார்கள்.

“மாமா எப்படி இருக்கார்? பன்னிரண்டு மணிக்கு இந்த எபிசோடை அனுப்பிட்டு நேரா அங்கதான் வர்றேன்.”

“மாப்பிள்ளை, அப்பா ஃபோல்டர் எங்க?”

“அதுவா?” அவர் சிரித்தார். உதவி செய்துவிட்ட மனுஷனின் சிரிப்பு. “நேத்து சாயங்காலம் இடம் பத்தலை, இடம் பத்தலைன்னு சிவப்புல கத்திட்டே இருந்துச்சு. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு நானே பார்த்தேன். மாமாவோடது ரெண்டு இடத்துல கிடந்துது. மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு. மேல இருந்த காப்பியை மட்டும் தூக்கிட்டேன். ஒரிஜினல் கீழ பத்திரமா இருக்கும், பாருங்க.”



“அது காப்பி இல்ல, மாப்பிள்ளை.”

“என்ன சொல்றீங்க? நான் கண்ணால பார்த்தேனே. அதே பேரு, அதே அளவு…”

“அதே பேருதான். ஏன்னா அது அதேதான்.”

ஸ்டூடியோவில் இரும்புப் பெட்டி ஒன்றுதான். அதற்குள்ளே மென்பொருளால் பிரித்த இரண்டு சர்வர்கள், கையால் தொட முடியாதவை. ஒரே மனையில் கட்டின மேல்வீடு, கீழ்வீடு மாதிரி. அலுவலகத்தில் எல்லாரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். கீழ்வீட்டில் குரல் பதிவாகும். மேல்வீட்டில் அதைச் சீவிச் சிங்காரித்துப் படத்தோடு சேர்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து இங்கே தூக்கிச் சுமக்க வேண்டாமென்று, கீழ்வீட்டு டைரக்டரியை நெட்வொர்க் வழியாக மேல்வீட்டுக்கும் பகிர்ந்து வைத்தவள் பெரியவள்.

“ஒரே அறை, மாப்பிள்ளை. ரெண்டு வீட்டுலேர்ந்தும் அதுக்கு ஒரு கதவு. நீங்க மாடிக் கதவைத் திறந்து உள்ள இருந்ததை வாரி வெளியே கொட்டிட்டீங்க. இப்ப கீழ்க்கதவு வழியா வந்து பார்த்தா என்ன இருக்கும்?”

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“பேக்கப்? நீங்க தினம் எடுப்பீங்களே…”

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். தினமும் பேக்கப் எடுக்கிற பட்டியலில் அலுவலக வேலைகள் மட்டும்தான் இருந்தன. அப்பாவின் குரல் சொந்தச் சரக்கு. அலுவலக டிஸ்க்கில் அதற்கு இடம் கொடுத்ததே பெரிசு, பேக்கப்பிலும் சேர்த்தால் நாளைக்கு யாராவது ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்று கூச்சப்பட்டு, ‘ஞாயிற்றுக்கிழமை தனியாக எடுத்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவிட்டாள். ஆறு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

“இல்ல,” என்றாள்.

அவள் பையை இறக்கிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“கீழ்வீட்டை இப்பவே நிறுத்தணும். அழிச்ச இடத்து மேல புதுசா எதுவும் எழுதாம இருந்தாத்தான் கொஞ்சமாவது தோண்டி எடுக்க முடியும். நேத்து சாயங்காலத்திலேர்ந்து உங்க எபிசோடு அந்த இடத்துலதான் எழுதிட்டிருக்கு.”

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். ஆனால் பார்த்தார்.

“பன்னிரண்டு மணிக்கு அனுப்பலைன்னா இந்தத் தொடர் நம்ம கையை விட்டுப் போயிடும் அண்ணி. ஏழு பேர் கீழ வந்து உட்கார்ந்திருக்காங்க. ஒரு மணி நேரம்… வேணாம், அரை மணி நேரம் குடுங்க. இந்த ஒரு சீனை மட்டும் வேற எங்கயாவது மாத்திட்டு…”

“அரை மணி நேரத்துல அப்பா பேசினதுல எத்தனை போகும்னு தெரியுமா?”

“தெரியலையே அண்ணி! எனக்கு என்ன தெரியும்!” என்று கத்திவிட்டு எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சுகிற குரல் கேட்டது.

அவர் சரி என்று சொல்லாமல் அவள் நிறுத்திவிட முடியாது. கடவுச்சொல் அவளிடம்தான் இருந்தது, ஆனாலும் முடியாது. கீழே ஏழு பேரின் பிழைப்பு.

உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

முந்தாநாள் கடைசிப் பதிவு. அப்பா வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ‘பெட் காலியாகியிருக்கு, உடனே வாங்க’ என்று. போட்டது போட்டபடி ஓடினார்கள். இரண்டாம் கூண்டில் பதிவு புரோகிராமை அவள் மூடவே இல்லை.

அழித்த ஃபைல் அந்த நொடியே சாவதில்லை. முதலில் பெயர்தான் போகும். அந்த வீட்டிலேயே ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பிடி விடுகிறவரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். பிடியை விட்டால் தீர்ந்தது. கீழ்வீட்டை அவசரப்பட்டு நிறுத்தியிருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

இரண்டாம் கூண்டில் இன்றைக்கு யாருக்கு வேலை?

படிகளில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் விழுந்தது. கண்ணாடிக்குள்ளே, ஸ்டூடியோவில் வசனம் பார்க்கிற வயசான அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு கையில் வசனத் தாளும் மறுகையில் மவுசுமாக உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு சின்னக் கட்டம். ‘மூடவா?’ என்று கேட்டபடி.

“தொடாதீங்க!”

கண்ணாடிக் கூண்டு. வெளியில் கத்தினால் உள்ளே ஈ பறந்த சத்தம்கூடக் கேட்காது. அதற்காகத்தானே கட்டினது. பெரியவள் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அறைந்தாள். அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். கை மவுசிலேயே இருந்தது.

கதவைத் திறந்து உள்ளே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். குழந்தை கையிலிருந்து பிளேடை எடுப்பதுபோல, மெதுவாக.

“அம்மா, நகருங்க. ஒண்ணும் கேக்காதீங்க. நகருங்க.”

“அய்யோ, என்ன கண்ணு, நான் என்ன பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலை. சாமி மாதிரி ஒண்ணும் பண்ணாம இருந்தீங்க.”

பெயரில்லாத அந்த ஃபைலைப் புரோகிராமின் பிடியிலிருந்தே தனி டிஸ்க் ஒன்றில் படியெடுத்தாள். நாற்பத்தேழு நிமிஷப் பதிவு. ஹெட்போனை மாட்டி நடுவில் ஓர் இடத்தில் ஓடவிட்டாள். “சாவியை எங்க வச்சேன்?” என்றார் அப்பா காதுக்குள். உடனே தாளில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டு, “வச்ச இடத்துலதான் இருக்கும், வேற எங்க போகும்!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அது கடைசிப் பதிவு. தொண்டை ரொம்பவே கெட்டுப் போன பிறகு பேசினது. சரளைக்கல்லில் டயர் தேய்கிற மாதிரி இருந்தது குரல். முதல் மூன்று வாரத்தில் கணீரென்று பேசின அப்பா எதிலும் இல்லை.

நிமிர்ந்தபோது மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். கையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு.

“நிறுத்திடுங்க அண்ணி. சொல்லிட்டேன் அவங்ககிட்ட. தொடர் போனா போகட்டும்.”

அவர் சொன்னது சின்ன விஷயம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், நாக்கு நிற்கவில்லை.

“இருபது நிமிஷம் யோசிச்சீங்க மாப்பிள்ளை.”

அவர் செருப்பை வாசலோரம் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் போன் அணைந்தே கிடந்தது.

டிஸ்க் மீட்கிற கடைக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். பெட்டியிலிருந்து கழற்றிக் கொண்டுபோன டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எப்ப அழிச்சது?” என்றார். சொன்னாள். “அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் ஓடிச்சு?” சொன்னாள். உதட்டைப் பிதுக்கினார்.

“நாலு நாள் குடுங்க. எலும்பு கிடைக்கும். சதை கிடைக்குமான்னு சொல்ல முடியாது.”

அவர் எப்போதும் பேசுகிற பேச்சு அது. இவளுக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்கும் என்று அவருக்கு எங்கே தெரியும்.

குரல் செய்கிற பெண்மணியைப் போனில் கூப்பிட்டாள். “நாற்பத்தேழு நிமிஷமா? அதுவும் கரகரப்பா? கஷ்டம்க்கா. இன்னும் ஒரு மணி நேரம் சுத்தமா கிடைச்சா எதையாவது வச்சு ஒப்பேத்தலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பேச வைக்க முடியுமா?”

மணி பன்னிரண்டே முக்கால். நாலு மணிக்குத்தானே. முடியும்.

மைக்கையும் பதிவுப் பெட்டியையும் பையில் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினபோது தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, எங்க இருக்கே? முன்னால இருந்த கேஸ் தள்ளிப் போயிடுச்சாம். அப்பாவை ரெண்டு மணிக்கே உள்ள கொண்டு போறாங்களாம். அவருக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கிறார். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே வர்றீங்க?”

பட்ட காலிலேயே படும் என்பார்கள். பெரியவள் டிரைவரின் முதுகைத் தட்டினாள். “கொஞ்சம் வேகமா போங்க.”

ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது மணி ஒன்றே கால்.

அப்பா பச்சை அங்கியில் கட்டில் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அவர் காலுக்கடியில் இருப்பது அது. அதனாலேயே ‘பிரேக் சார்’ என்று பேர். அவர் போட்ட சத்தத்தில் எத்தனையோ பேர் ஓட்டக் கற்றார்கள், எத்தனையோ பேர் ஓட்டுகிற ஆசையையே விட்டார்கள்.

பக்கத்தில் அம்மா. அம்மாவுக்குப் பத்து வருஷமாகக் காது போய்விட்டது. காதில் மாட்டுகிற கருவி வாங்கிக் கொடுத்தால், எல்லாம் தகரத்தில் தட்டுகிற மாதிரி கேட்கிறது என்று கழற்றி மேஜையில் வைத்துவிடுவாள். இடது காதோரம் குனிந்து அப்பா பேசினால் மட்டும் ஏதோ உள்ளே போகும். மகள்கள் பேசினால் சிரித்துத் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

“பெருசு வந்துட்டா,” என்றார் அப்பா. பெரியவளை அவர் ஐந்து வயசிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். “அனுப்பிட்டியா எல்லாத்தையும்?”

பொய் சொல்லலாம் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் முடியவில்லை.

“போச்சுப்பா.”

“எது?”

“எல்லாம். கடைசி நாள் பேசினது மட்டும்தான் இருக்கு.”

தங்கை சுவரோரம் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “என்னவாம்?” என்றாள். அப்பா அவள் இடது காதுக்குக் குனிந்து, “வழியில நெரிசலாம்,” என்றார். அம்மா, “சாப்பிட்டாளா கேளுங்க,” என்றாள்.

“யாரு பண்ணது?” அப்பா நிமிராமலே கேட்டார்.

“மாப்பிள்ளை. தெரியாம. மேல இருந்தது காப்பின்னு நினைச்சு…”

“அக்கா!” என்றாள் தங்கை. “அவரா? அவரா அழிச்சார்?”

அப்பா கையை உயர்த்தித் தங்கையை நிறுத்தினார். பெரியவளைப் பார்த்தார். பயிற்சிக் காரில் தப்பான கியர் போட்டவனைப் பார்க்கிற பார்வை.

“அவன் அழிச்சான், சரி. ஆறு வாரமா உங்க மேல்வீடு கீழ்வீடு பேச்சைக் கேட்டிருக்கேன். மேல இருந்து கீழ இருக்கறதை அழிக்க முடியற மாதிரி யாரு வச்சா?”

இதைத்தான் காலையிலிருந்து அவள் தன்னிடமே கேட்காமல் தப்பித்துக்கொண்டிருந்தாள். முதலில் மேல்வீட்டுக்கு ‘படிக்க மட்டும்’ என்றுதான் அனுமதி வைத்திருந்தாள். மூன்று மாசத்துக்கு முன்னால் ஏதோ அவசரத்தில், மேலே இருந்தவர்கள் எழுத முடியவில்லை, எழுத முடியவில்லை என்று நச்சரித்தபோது, ‘எழுதவும்’ என்று ஒரு சொல்லை மாற்றி வைத்தாள். திருப்பி மாற்ற மறந்தாள்.

“நான்தான்பா.”

அப்பா திட்டவில்லை. “சரி, மைக்கை எடு,” என்றார்.

எதிரொலி விழாமல் இருக்கக் கம்பளியை அவர் தலைமேல் கூடாரம்போல் போர்த்தி, தங்கை ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே கை விளக்கில் அப்பா வாசிக்க ஆரம்பித்தார்.

“கதவைச் சாத்திட்டு வா. இன்னிக்கு என்ன கிழமை? எனக்குத் தண்ணி வேணும். நீ முன்னாடி போ, நான் வர்றேன்.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கியது. பத்தாவது வாக்கியத்தில் இருமல். பதினாறாவதில் நர்ஸ் வந்து கையில் ஊசி குத்தினாள். “தாத்தா, பேசக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?” என்றாள். “இனிமே வாழ்நாள் முழுக்க அதைத்தானேம்மா செய்யப் போறேன்,” என்றார் கம்பளிக்குள்ளிருந்து. அதுவும் பதிவானது.

மணி ஒன்று நாற்பது. பதினெட்டு நிமிஷம் சேர்ந்திருந்தது.

அப்பா கம்பளியைத் தலையிலிருந்து விலக்கினார். “மாப்பிள்ளை எங்க?”

“வருவார்ப்பா. வாசிங்க. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

“எங்கன்னு கேட்டேன்.”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். “போனை எடுக்கலைப்பா.”

“ஸ்டூடியோவுல யாரையாவது கூப்பிட்டு அவன் கையில போனைக் குடுக்கச் சொல்லு.”

வசனம் பார்க்கிற அம்மாதான் தேடிக் கண்டுபிடித்தார். இரண்டாம் கூண்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம் மாப்பிள்ளை.

அப்பா போனை வாங்கிக்கொண்டு, மறு கையால் கதவைக் காட்டினார். எல்லாரும் வெளியே போங்கள் என்று அர்த்தம்.

“அப்பா, வேணாம்ப்பா,” பெரியவள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “இருக்கிறதே இருபது நிமிஷம். அவர்கிட்ட நான் பேசிக்கறேன். தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன். நீங்க வாசிங்க. இந்தக் குரல் போனா வராதுப்பா, கெஞ்சிக் கேக்கறேன்.”

“வாசிச்சது போதும், பெருசு.”

அவரே குனிந்து மைக்கின் ஒயரைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார்.

கதவின் கண்ணாடிக் கீற்று வழியே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா முதலில் கொஞ்சம் கேட்டார். பிறகு பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி பேசினார். ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு உடம்பிலிருந்து ஏதோ உருவுகிற மாதிரி இருந்தது. மிச்சம் இருந்ததையெல்லாம் அழித்தவனுக்கே அள்ளிக் கொடுக்கிறாரே! பதினோரு நிமிஷம். ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை.

“என்ன பேசறார் இவ்வளவு நேரம்?” என்றாள் தங்கை.

“உன் புருஷனைத்தான் கேக்கணும்.”

சொன்ன பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

இரண்டு மணிக்குத் தள்ளுகட்டிலில் அப்பாவைக் கொண்டுபோனார்கள். அம்மா கூடவே நடந்தாள், அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு. ஆபரேஷன் தியேட்டர் கதவருகே அப்பா அவள் இடது காதில் என்னவோ சொன்னார். அம்மா சிரித்தாள். கதவு மூடியது.

மாப்பிள்ளை வந்தபோது மணி இரண்டு இருபது. லிஃப்ட்டிலிருந்து இறங்கி, நாலடி தள்ளியே நின்றுவிட்டார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தங்கை எழுந்திருக்கவில்லை. பெரியவள்தான் எழுந்து போனாள்.

“காலையில சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை. கதவைத் திறந்து போட்டது நான்.”

அவர் தலையை அசைத்தார். கண்கள் வீங்கியிருந்தன.

“மாமா திட்டவே இல்ல அண்ணி. திட்டியிருந்தா தேவலை.”

“பின்ன பதினோரு நிமிஷம் என்ன பேசினார்?”

“ஒண்ணு கேட்டார். நான் சரின்னுட்டேன்.”

“என்ன கேட்டார்?”

அவர் வாயைத் திறப்பதற்குள் தியேட்டர் கதவு திறந்தது. இவ்வளவு சீக்கிரம் திறக்கக் கூடாத கதவு. டாக்டரம்மா முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டபடி வெளியே வந்தார். கோபமா, கவலையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

“அவரோட மூத்த பொண்ணு யாரு?”

“நான்தான். என்னாச்சு டாக்டர்?”

“இன்னும் ஒண்ணும் ஆகலை. அதான் பிரச்சினை. மயக்க மருந்து வேண்டாம்ங்கிறார். ஒரு வாரம் டைம் கேக்கறார். மருமகன் ஸ்டூடியோவை ராத்திரி பகலா திறந்து விடறேன்னு சொல்லியிருக்காராம், இன்னொரு தடவை எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டு வர்றாராம். போட்ட கையெழுத்தைத் திருப்பிக் குடுங்கன்னு பிடிவாதம் பண்றார்.”

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் அழிச்சதை நானே திருப்பிக் குடுக்க ஒரு வழி இருக்குன்னு சொன்னார் அண்ணி… எப்படி மாட்டேன்னு சொல்ல முடியும்?”

“ஒரு வாரம் தள்ளினா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள் தங்கை. எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை.

“அது எங்க போய் நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்குப் பிடிக்கலை. குரலா உயிரான்னு அவர்கிட்டயே கேட்டேன். ‘என் வீட்டுக்காரிக்கு என் குரல் மட்டும்தான்மா கேக்கும்’ங்கிறார். பத்து நிமிஷம் காத்திருப்பேன். அதுக்கு மேல தியேட்டரை வேற கேஸுக்குக் குடுத்துடுவாங்க. உங்கள்ல ஒருத்தர் உள்ள வந்து பேசுங்க.”

பெரியவள் ஓரடி எடுத்து வைத்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“என்னடி, என்னவாம்?” அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். “முடிஞ்சிடுச்சா?”

தங்கை மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். அம்மா அதைத் தூரத்தில் வைத்துப் படித்தாள். அப்பா நெரிசல் என்று சொன்னதிலிருந்து, மாப்பிள்ளை, ஸ்டூடியோ, ஒரு வாரம், டாக்டரம்மாவிடம் அப்பா சொன்ன காரணம் வரைக்கும் எல்லாம் அந்த நாலு வரியில் இருந்தது. மறுபடி ஒரு தடவை படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“எனக்காகவா?”

தங்கை தலையசைத்தாள்.

அம்மா சீட்டை நாலாக மடித்தாள்.

“நான் எப்ப கேட்டேன் அவர்கிட்ட, குரல் வேணும்னு?” சத்தம் தெரியாமல் பேசுகிறவள் ஆதலால் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. “ஒரு வார்த்தை கேட்டாரா என்னை?”

பெரியவளின் கையிலிருந்த பையை விலக்கிவிட்டு, அவளைத் தாண்டி நடந்தாள். டாக்டரம்மா என்னவோ சொல்ல வந்தார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு மெதுவாக ஆடி, மூடிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு இருபத்தாறு.